வெப்சைட்டைத் தனி ஆப்பாக ஓட்டுவது: ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன் வழி

மெயில், சாட், காலண்டர், பாட்டு. நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் சைட்டுகள் எல்லாரிடமும் நான்கைந்து இருக்கும். முப்பது டேபுக்கு நடுவே அவற்றைத் தேடி எடுப்பது ஒரு வேலை. கை தவறி பிரவுசரையே மூடிவிட்டால் எல்லாம் சேர்ந்து போய்விடும். இந்த சைட்டுகளுக்குத் தனி விண்டோ, டாஸ்க்பாரில் தனி ஐகான், ஆல்ட்-டேப் அழுத்தினால் தனியாக வந்து நிற்கும் வசதி வேண்டும் என்றால் அவற்றை ஆப்பாக நிறுவிக்கொள்ளலாம்.

குரோமிலும் எட்ஜிலும் இதற்கு எக்ஸ்டென்ஷன் எதுவும் தேவையில்லை. குரோமில் மூன்று புள்ளி மெனுவுக்குள் 'காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்' என்பதைத் திறந்தால் 'இன்ஸ்டால் பேஜ் ஆஸ் ஆப்' இருக்கும். எட்ஜிலும் மூன்று புள்ளி மெனு வழியாக 'ஆப்ஸ்' என்ற பிரிவுக்குப் போகலாம். மேக்கில் 2023-இல் வந்த சோனோமா பதிப்பு முதல் சஃபாரியிலேயே 'ஃபைல்' மெனுவில் 'ஆட் டு டாக்' உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் கதை வேறு. அதில் சோதனை அளவில் இருந்த இந்த வசதி 2021-இல் வந்த 86-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் 143-ஆம் பதிப்பு விண்டோஸுக்கு மட்டும் ஒரு எளிய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. லினக்ஸிலும் மேக்கிலும் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்களும், விண்டோஸில் கூடுதல் கட்டுப்பாடு கேட்பவர்களும் இன்றும் நம்பிப் போவது 'புரோகிரசிவ் வெப் ஆப்ஸ் ஃபார் ஃபயர்ஃபாக்ஸ்' என்ற எக்ஸ்டென்ஷனைத்தான். இலவசம், ஓப்பன் சோர்ஸ். இனி வருவதெல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றியே.

முதலில் ஒன்றை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்: இந்த எக்ஸ்டென்ஷன் நிறுவும் ஆப், உங்கள் வழக்கமான ஃபயர்ஃபாக்ஸுக்குள் ஓடுவதில்லை. வேறொரு ஃபயர்ஃபாக்ஸில், வேறொரு ப்ரொஃபைலில் ஓடுகிறது. ப்ரொஃபைல் என்பது லாகின், பாஸ்வேர்டு, ஆட்-ஆன், செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஃபயர்ஃபாக்ஸ் சேர்த்து வைக்கும் தனி ஃபோல்டர். லாகின் காணோம், விளம்பரத் தடுப்பான் வேலை செய்யவில்லை, சேமித்த பாஸ்வேர்டு வரவில்லை, மெமரி ஏறுகிறது என்று வரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான். அதனால் எந்த சைட்டை எந்த ப்ரொஃபைலில் வைக்கப்போகிறோம் என்பதை நிறுவும் முன்பே முடிவு செய்துவிட்டால் பாதிச் சிக்கல் வராது.

மூன்று துண்டுகள்

எக்ஸ்டென்ஷனை மட்டும் போட்டுவிட்டு 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்று கழற்றிவிடுபவர்கள் நிறைய. மூன்று துண்டுகள் சேர்ந்தால்தான் இது ஓடும். ஒன்று, பிரவுசருக்குள் உட்காரும் எக்ஸ்டென்ஷன். இரண்டு, கம்ப்யூட்டரில் தனியாக நிறுவ வேண்டிய ஒரு துணை நிரல். பிரவுசர் எக்ஸ்டென்ஷனுக்கு ஸ்டார்ட் மெனுவில் ஐகான் போடவோ வேறொரு புரோகிராமைத் தொடங்கவோ அனுமதி கிடையாது; அந்த வேலைகளை இந்தத் துணை நிரல் செய்துகொடுக்கிறது. மூன்று, ரன்டைம். ஆப்களை ஓட்டுவதற்கென்றே தனியாக இறக்கிக்கொள்ளும் இன்னொரு ஃபயர்ஃபாக்ஸ் அது. டேப் வரிசையும் முகவரிப் பட்டையும் மறைந்து, பார்க்க ஆப் போலத் தெரியும்படி அதில் சில மாற்றங்கள் செய்யப்பட்டிருக்கும். முழு பிரவுசர் என்பதால் டிஸ்க்கில் சில நூறு எம்பி இடம் பிடிக்கும்.

நிறுவும் வரிசை குழப்பமில்லாதது. மொசில்லாவின் ஆட்-ஆன் தளத்தில் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தவுடன் அமைப்புப் பக்கம் ஒன்று தானாகத் திறக்கும். உங்கள் இயங்குதளத்துக்கு ஏற்ற துணை நிரலை அதுவே காட்டும். விண்டோஸ் என்றால் இன்ஸ்டாலரை இறக்கி ஓட்டினால் போதும். உபுண்டு, ஃபெடோரா வகைகளுக்கு டெப், ஆர்பிஎம் பேக்கேஜ்கள் இருக்கின்றன. மேக்கில், டெர்மினலிலிருந்து புரோகிராம்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூ வழியாக வரும். இந்தப் பக்கத்தை மூடாமல் வைத்துக்கொண்டு துணை நிரலை நிறுவுங்கள். அது அமர்ந்ததும் அடுத்த படியில் ரன்டைமை இறக்கச் சொல்லும். அதுவும் முடிந்தால் எக்ஸ்டென்ஷன் தயார்.

மேக்கில் ஓர் இடத்தில் பலர் தவறுகிறார்கள். ஹோம்ப்ரூ வேலையை முடித்தபின் டெர்மினலின் கடைசியில் கூடுதலாகச் சில வரிகளைக் காட்டும். அவற்றையும் ஓட்ட வேண்டும். துணை நிரல் எங்கே இருக்கிறது என்று ஃபயர்ஃபாக்ஸுக்குச் சொல்லும் சிறிய ஃபைல் ஒன்று, மொசில்லாவுக்கென்று உள்ள 'நேட்டிவ் மெசேஜிங் ஹோஸ்ட்ஸ்' ஃபோல்டரில் இருந்தாக வேண்டும். அந்த வரிகள் செய்வது அந்த இணைப்பைத்தான். அவற்றை விட்டுவிட்டால் எல்லாம் நிறுவியிருந்தும் அமைப்புப் பக்கம் முதல் படியிலேயே நிற்கும்.

லினக்ஸில் இதே அறிகுறிக்கு வேறு காரணம் உண்டு. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்நாப் வடிவில்தான் வருகிறது. ஸ்நாப்பும் ஃபிளாட்பேக்கும் லினக்ஸில் புரோகிராம்களை நிறுவும் பேக்கேஜ் வகைகள்; பிரவுசரை ஒரு வேலிக்குள் அடைத்து வைப்பவை. வெளியே இருக்கும் துணை நிரலுடன் பேச்சுவார்த்தை அங்கேதான் அறுபடும். எதைத் திருகியும் சரியாகவில்லை என்றால் நேரத்தை வீணாக்காமல் மொசில்லாவே தரும் டெப் பேக்கேஜுக்கு மாறிவிடுங்கள். 2024 ஜனவரியில் வந்த 122-ஆம் பதிப்பு முதல் அது அதிகாரபூர்வமாகக் கிடைக்கிறது. மாறும் முன் புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் சிங்க் செய்துகொள்ளுங்கள். ஸ்நாப்பின் ப்ரொஃபைல் வேறு ஃபோல்டரில் இருப்பதால் புதிய ஃபயர்ஃபாக்ஸ் காலியாகத்தான் திறக்கும்.

முதல் ஆப்பை நிறுவுவது

ஆப்பாக்க வேண்டிய சைட்டைத் திறந்து, லாகின் செய்து, எந்தப் பக்கத்தில் ஆப் தொடங்க வேண்டுமோ அந்தப் பக்கத்துக்குப் போங்கள். மெயில் என்றால் இன்பாக்ஸ். அந்த சைட் தன்னை ஆப்பாக நிறுவ ஒத்துழைப்பதாக இருந்தால் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் நிறுவும் ஐகான் தெரியும். தெரியாவிட்டாலும் கவலை இல்லை. டூல்பாரில் உள்ள எக்ஸ்டென்ஷன் ஐகானைத் தட்டினால் அங்கிருந்து எந்த சைட்டையும் நிறுவலாம்.

அந்த ஐகான் சில சைட்டில் வருவதும் சிலதில் வராததும் மேனிஃபெஸ்ட் என்ற ஃபைலைப் பொறுத்தது. ஆப்பின் பெயர் என்ன, ஐகான் எது, எந்த முகவரியில் தொடங்க வேண்டும், எந்தெந்தப் பக்கங்கள் ஆப்பின் எல்லைக்குள் வரும் என்பதையெல்லாம் சைட்டை உருவாக்கியவர் எழுதி வைக்கும் ஃபைல் அது. மேனிஃபெஸ்ட் இல்லாத சைட்டுக்கு இந்த விவரங்களை நீங்கள் படிவத்தில் நிரப்ப வேண்டும். ஐகான் கிடைக்காவிட்டால் பெயரின் முதல் எழுத்தை வைத்து ஒன்று உருவாகும். அது பிடிக்கவில்லை என்றால் சதுரமான பிஎன்ஜி படத்தின் முகவரியைக் கொடுங்கள். 512 பிக்சல் அளவு இருந்தால் எங்கேயும் மங்காது. 192-க்குக் கீழே போக வேண்டாம்.

படிவத்தில் இரண்டு இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். முதலாவது தொடக்க முகவரி. லாகின் பக்கத்திலோ, யாரோ அனுப்பிய லிங்க்கைத் தட்டி வந்த பக்கத்திலோ இருந்துகொண்டு நிறுவினால் அந்த முகவரியே தொடக்கமாகப் பதிவாகிவிடலாம். கேள்விக்குறிக்குப் பின் நீளமாக எழுத்தும் எண்ணுமாக இருக்கும் முகவரிகள் பெரும்பாலும் ஒருமுறைப் பயன்பாட்டுக்கானவை. இன்று திறக்கும், நாளை 'செஷன் முடிந்தது' என்று பிழை காட்டும். அப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் கேள்விக்குறியிலிருந்து பின்னால் உள்ளதை வெட்டிப் பார்த்து, புதிய டேபில் அது சரியாகத் திறக்கிறதா என்று சோதித்த பிறகு நிறுவுங்கள்.

இரண்டாவது ப்ரொஃபைல். இதற்குத் தனியாக இடம் ஒதுக்கித்தான் பேச வேண்டும்.

எத்தனை ப்ரொஃபைல்?

எதையும் மாற்றாமல் நிறுவினால் எல்லா ஆப்பும் ஒரே பொது ப்ரொஃபைலுக்குள் போய்ச் சேரும். அதில் தவறில்லை, லாபம்கூட உண்டு. ஒரே ப்ரொஃபைலில் உள்ள ஆப்கள் குக்கிகளை (நீங்கள் லாகின் செய்திருப்பதை சைட்டுக்கு நினைவூட்டும் சிறு தரவுகளை) பகிர்ந்துகொள்வதால் மெயிலில் ஒருமுறை லாகின் செய்தால் அதே நிறுவனத்தின் காலண்டருக்கு மறுபடி செய்ய வேண்டாம். விளம்பரத் தடுப்பானை ஒருமுறை போட்டால் போதும். மெமரியும் மிச்சம். ஒரு ப்ரொஃபைல் என்றால் எத்தனை விண்டோ திறந்தாலும் பின்னால் ஓடுவது ஒரே ஃபயர்ஃபாக்ஸ்தான். ஐந்து ப்ரொஃபைலில் ஐந்து ஆப் என்றால் ஐந்து முழு ஃபயர்ஃபாக்ஸ் ஓடும். நான்கு ஜிபி, எட்டு ஜிபி ராம் உள்ள கணினியில் இது உடனே உறைக்கும்.

பிரிக்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ஒரே சைட்டில் அலுவலகக் கணக்கு ஒன்று, சொந்தக் கணக்கு ஒன்று வைத்திருப்பவர்கள் கட்டாயம் இரண்டு ப்ரொஃபைல் வைக்க வேண்டும். அதே சைட்டை ஒவ்வொன்றிலும் ஒருமுறை, 'மெயில் - ஆபீஸ்', 'மெயில் - வீடு' என்று வேறு வேறு பெயரில் நிறுவிக்கொண்டால் கணக்கு மாற்றும் தொல்லையே இராது. சமூக வலைத்தளங்கள் மற்ற சைட்டுகளில் உங்களைப் பின்தொடரக் கூடாது என்று நினைத்தால் அவற்றுக்கும் தனி அறை கொடுங்கள். மேக்கில் மட்டும் ஒரு விதிவிலக்கு: ஒரே ப்ரொஃபைலில் பல ஆப் வைத்தால் டாக்கில் அவை ஒன்றோடொன்று கலந்துபோகும். அங்கே ஆப்புக்கு ஒரு ப்ரொஃபைல் என்று போவதுதான் ஒழுங்காக வரும், மெமரி கூடுதலாகச் செலவானாலும்.

விண்டோஸ், லினக்ஸுக்கு எங்கள் பரிந்துரை மூன்று: வேலைக்கு ஒன்று, சொந்த உபயோகத்துக்கு ஒன்று, பாட்டு-வீடியோவுக்கு ஒன்று. எக்ஸ்டென்ஷன் ஐகானைத் தட்டி, ப்ரொஃபைல்கள் பட்டியலுக்குப் போய் முதலில் இந்த மூன்றையும் உருவாக்கி வைத்துவிட்டு, அப்புறம் ஆப்களை நிறுவத் தொடங்குங்கள். ஒரு ப்ரொஃபைலில் நிறுவிய ஆப்பை இன்னொன்றுக்குத் தூக்கிப் போடுவதைவிட அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதே சுலபம் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

முதல் முறை திறந்தபின்

ஸ்டார்ட் மெனுவில் ஆப்பின் பெயரைத் தட்டினால் வரும். டாஸ்க்பாரில் நிலையாக வைக்க நினைத்தால் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோவைப் பிடிக்காமல் ஸ்டார்ட் மெனுவில் உள்ள பெயரை ரைட்-கிளிக் செய்து டாஸ்க்பாரில் 'பின்' (pin) பண்ணுங்கள்.

திறந்ததும் லாகின் கேட்கும். முன்பே சொன்னபடி இது வேறு ப்ரொஃபைல். பாஸ்வேர்டு மேனேஜர் எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவர்கள் அதை இங்கேயும் நிறுவ வேண்டும். ஆப் விண்டோவின் மெனுவிலிருந்து ஆட்-ஆன்கள் பகுதிக்குப் போகலாம். ஃபயர்ஃபாக்ஸிலேயே பாஸ்வேர்டு சேமிப்பவர்கள் அதே மொசில்லா கணக்கில் இந்த ப்ரொஃபைலையும் சிங்க் செய்யலாம். எதையெல்லாம் சிங்க் செய்யலாம் என்று கேட்கும்போது பாஸ்வேர்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பிரவுசரில் உள்ள அத்தனை ஆட்-ஆனும் ஆப்புக்குள் வந்து இறங்கி அதை மந்தமாக்கும்.

நோட்டிஃபிகேஷன், மைக், கேமரா அனுமதிகளும் புதிதாகக் கொடுக்க வேண்டும். சாட் ஆப்பில் மெசேஜ் சத்தம் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. அனுமதி கொடுத்தும் வரவில்லை என்றால் ஆப் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோவை மூடிவிட்டால் பின்னணியில் எதுவும் ஓடாது; எனவே நோட்டிஃபிகேஷனும் வராது. மூடாமல் சிறிதாக்கி வைத்தால் வரும். பாட்டு, பட சேவைகள் 'இந்த பிரவுசரில் ஓடாது' என்று சொன்னால் அந்த ப்ரொஃபைலின் செட்டிங்ஸில் பொதுப் பகுதியில் டிஆர்எம் (காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு) உள்ள உள்ளடக்கத்தை ஓட்டும் டிக்கைப் போட்டு, ஆப்பை ஒருமுறை மூடித் திறங்கள்.

நெட் இல்லாதபோதும் ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது சைட் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தனி விண்டோ கிடைத்ததால் மட்டும் ஆஃப்லைன் வசதி வந்துவிடாது.

லாகின் வெளியே ஓடிப்போகும் சிக்கல்

அதிகம் பேரைப் படுத்துவது இதுதான். ஆப்பில் லாகின் பட்டனைத் தட்டுகிறீர்கள். சட்டென்று வழக்கமான பிரவுசர் திறந்து அங்கே பாஸ்வேர்டு கேட்கிறது. போட்டால் பிரவுசரில் லாகின் ஆகிறது. ஆப் அப்படியே வெளியில் நிற்கிறது. எத்தனை முறை செய்தாலும் இதே கதை.

காரணம், எல்லை. ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு எல்லை உண்டு. பொதுவாக அந்த சைட்டின் டொமைன், அதாவது முகவரியில் வரும் சைட்டின் பெயர். எல்லைக்கு வெளியே போகும் லிங்க்குகளை ஆப்பிலேயே காட்டவா, டீஃபால்ட் பிரவுசருக்கு அனுப்பவா என்று ஆப்பின் செட்டிங்ஸில் தேர்ந்தெடுக்கலாம். மெயிலில் வரும் செய்தி லிங்க்கெல்லாம் பிரவுசரில் திறந்தால் வசதி என்பதால் பலரும் இரண்டாவதைப் போடுகிறார்கள். ஆனால் பெரிய சேவைகளில் லாகின் பக்கம் வேறொரு டொமைனில் இருக்கும். ஆப்பின் கண்ணுக்கு அதுவும் வெளியார்தான். எனவே அதையும் பிரவுசருக்குத் தள்ளிவிடுகிறது. பிரவுசரில் கிடைத்த குக்கி பிரவுசரின் ப்ரொஃபைலில் தங்கிவிடுவதால் ஆப்புக்கு எட்டவே எட்டாது.

தீர்க்க வேண்டியது இப்படி. லாகின் பட்டனைத் தட்டும்போது பிரவுசரில் திறக்கும் பக்கத்தின் டொமைனைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆப் விண்டோவின் மெனுவில் செட்டிங்ஸைத் திறந்து, வெப் ஆப் பகுதியில் 'அலவ்டு டொமைன்ஸ்' என்ற இடத்தில் அதைச் சேருங்கள். இரண்டடுக்கு சரிபார்ப்பு மூன்றாவது டொமைனுக்குப் போனால் அதையும். எந்த டொமைனைச் சேர்ப்பது என்று பிடிபடவில்லையா? வெளி லிங்க் செட்டிங்கைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு, ஆப்புக்குள்ளேயே லாகினை முடித்து, பிறகு போட்டுக்கொள்ளுங்கள். குக்கி ஒருமுறை ஆப்பின் ப்ரொஃபைலில் விழுந்துவிட்டால் அது காலாவதியாகும் வரை தொந்தரவு இருக்காது. காலாவதியானதும் மறுபடி இதே வேலை என்பதால் டொமைனைச் சேர்ப்பதே நிரந்தர வழி.

அதே பகுதியில் முகவரிப் பட்டையை எப்போது காட்ட வேண்டும் என்பதும் இருக்கும். எல்லைக்கு வெளியே போகும்போது மட்டும் காட்டும்படி விடுங்கள். ஒருபோதும் காட்டாதபடி வைத்தால் பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் உண்மையானதா, போலியா என்று பார்க்க வழியே இல்லாமல் போகும்.

அப்டேட், பேக்கப், நீக்கம்

மூன்று துண்டுகளும் தனித்தனியாகப் புதுப்பிக்கப்படுபவை. எக்ஸ்டென்ஷன் தானாக ஏறிவிடும். துணை நிரல் நீங்கள் நிறுவிய வழியைப் பொறுத்தது. இன்ஸ்டாலரை இறக்கி நிறுவியிருந்தால் புதியதையும் நீங்களேதான் இறக்க வேண்டும். இரண்டின் பதிப்பும் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் தள்ளிப்போடாமல் துணை நிரலை ஏற்றுங்கள். ஒரு நாள் ஆப்பைத் திறந்ததும் டேப் வரிசையோடு சாதாரண ஃபயர்ஃபாக்ஸ் போல வந்தால் ரன்டைமில் செய்திருந்த மாற்றங்கள் கலைந்துவிட்டன என்று பொருள். ரன்டைமை மறுபடி நிறுவினால் சரியாகும். ப்ரொஃபைல்கள் வேறு ஃபோல்டரில் இருப்பதால் லாகின் போகாது.

எல்லாம் இருக்கும் இடம், விண்டோஸில் உங்கள் கணக்கின் 'ஆப் டேட்டா'வுக்குள் 'ரோமிங்' ஃபோல்டர். லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் மறைவாக இருக்கும் 'லோக்கல்', அதற்குள் 'ஷேர்'. அங்கே 'ஃபயர்ஃபாக்ஸ் பிடபிள்யூஏ' (FirefoxPWA; பிடபிள்யூஏ என்பது 'புரோகிரசிவ் வெப் ஆப்' என்பதன் சுருக்கம்) என்ற பெயரில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் 'ப்ரொஃபைல்ஸ்' என்று ஒன்று தெரியும். உள்ளே 26 எழுத்து நீளப் பெயர்களோடு ஃபோல்டர்கள் இருக்கும்; 26 இடமும் பூஜ்யமாக இருப்பது பொது ப்ரொஃபைல். பேக்கப் எடுப்பதென்றால் எல்லா ஆப்பையும் மூடிவிட்டு 'ஃபயர்ஃபாக்ஸ் பிடபிள்யூஏ' ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்யுங்கள். ஆப் ஓடும்போது எடுத்த காப்பி பாதியில் எழுதிய ஃபைல்களோடு வரலாம்.

நீக்கும்போது கவனம் தேவை. எக்ஸ்டென்ஷனின் பட்டியலில் ஆப்பை நீக்கினால் ஐகான் போகும். ப்ரொஃபைலில் கிடக்கும் குக்கிகள் போகாது. ப்ரொஃபைலை நீக்கினால் அதிலுள்ள அத்தனை ஆப்பும் அவற்றின் லாகினும் சேர்ந்தே போகும். குரோம் வழியில் போனவர்களுக்கு இதற்கு நேர் எதிரான பொறி ஒன்று இருக்கிறது. அங்கே ஆப்பும் பிரவுசரும் ஒரே குக்கிகளைப் பயன்படுத்துவதால், ஆப்பை நீக்கும்போது 'டேட்டாவையும் அழி' என்ற கட்டத்தில் டிக் போட்டால் பிரவுசரிலும் அந்த சைட்டிலிருந்து லாகவுட் ஆகிவிடுவீர்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷனை மொத்தமாக விடுவதென்றால் வரிசை இது: முதலில் ஒவ்வொரு ஆப்பிலும் லாகவுட், பிறகு எக்ஸ்டென்ஷன் பட்டியலில் ஆப்களையும் ப்ரொஃபைல்களையும் நீக்குவது, அதன் பிறகு துணை நிரலை அன்இன்ஸ்டால் செய்வது, கடைசியாக எக்ஸ்டென்ஷன். எக்ஸ்டென்ஷனை முதலில் கழற்றிவிட்டால் ஸ்டார்ட் மெனுவில் ஐகான்கள் அப்படியே நிற்கும். அவற்றை நீக்கும் பட்டியலும் கையில் இருக்காது. எல்லாம் முடிந்தபின் மேலே சொன்ன ஃபோல்டர் இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பலர் பயன்படுத்தும் கணினியாக இருந்தால் அதையும் கையால் அழித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.